ஏங்கிப் போன பிள்ளைக்கு என்ன மருந்து?

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஒரு பேச்சு உண்டு. கைப்பிள்ளைக்கு லேசாக உடம்பு சுடும். சளி இருக்காது. வயிற்றுக் கோளாறும் இருக்காது. ஆனால் பால் குடிக்காது. குழைத்த சோறு தொண்டைக்குள் இறங்காது. யார் கூப்பிட்டாலும் போகாது. சும்மா 'நை நை'யென்று சிணுங்கிக்கொண்டே கிடக்கும். வீட்டில் வயசான ஆச்சி யாராவது இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவாள்: "ஒண்ணுமில்ல தாயி, பிள்ள ஏங்கிப் போயிட்டு!"

படித்தவர்கள் இதைக் கேட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். 'பால் குடிக்கிற பிள்ளைக்கு ஏது மனசு? அதுக்கு என்ன ஏக்கம்?' என்பார்கள். சிரிக்காதவர்கள் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். இன்னும் சிலர் என்னைப் போன்ற சித்த வைத்தியனிடம் வந்து, "ஐயா, மாந்தமா, கணமா பார்த்து ஒரு மருந்து தாங்க" என்று கையை நீட்டுவார்கள். இந்த மூன்று தரப்புமே ஆச்சி சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவள் சொன்னது ஒரு நோய்க்கணிப்பு. பல சமயங்களில் அதுதான் சரியான நோய்க்கணிப்பு!

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு சுடுகிற பிள்ளையை 'ஏக்கம்' என்று வீட்டில் போட்டு வைத்திருக்கக் கூடாது. அதிலும் மூன்று மாசத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலும், பால் அறவே குடிக்காவிட்டாலும், துவண்டு கிடந்தாலும் அப்படித்தான். உடம்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஏக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் கண்டிப்பாகப் பேச வேண்டும்.

'பச்சைப் பிள்ளைக்கு மனசு இருக்கிறது, அது நோகும்' என்பதை மேல்நாட்டார் ஒப்புக்கொள்ளவே ரொம்ப நாள் ஆயிற்று. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 1950-களில்கூடப் பிள்ளையை வார்டில் விட்டுவிட்டுத் தாய் வெளியே போய்விட வேண்டும். குறித்த நேரத்தில் வந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் அழுது தீர்க்கும். பிறகு சுவரைப் பார்த்துக் கிடக்கும். அதற்கும் பிறகு யார் வந்தாலும் சிரிக்கும். 'ஆகா, பழகிவிட்டது' என்று நர்சுகள் சந்தோஷப்படுவார்கள். அது பழக்கம் அல்ல, நம்பிக்கை விட்டுப்போன நிலை என்று ஜான் பவுல்பியும் ஜேம்ஸ் ராபர்ட்சனும் எடுத்துக் காட்டினார்கள். பவுல்பி 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கையே எழுதிக் கொடுத்தார். 1959-ல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தாராளமாக உள்ளே விடச் சொன்னது. நம் ஊர்ப் பெரியாஸ்பத்திரிகளில் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் பிள்ளையோடு படுத்துக் கிடந்த தாய்க்கு இந்த அறிக்கையெல்லாம் தேவைப்படவில்லை!

அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ளவும் வேண்டாம். குறைமாசப் பிள்ளை என்றால் இங்கேயும் பல இடங்களில் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் தாய் நிற்கிறாள். 2021-ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. எடை குறைந்து பிறந்த பிள்ளைகளை, பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்துப் போட்டு, வேண்டிய சிகிச்சையையும் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான முறையில், உடல்நிலை தேறிய பிறகு தாயிடம் கொடுத்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 பேர் இறந்தார்கள். உடனே தாய் மார்பில் கிடந்தவர்களில் 12 பேர். நாலில் ஒரு சாவு குறைந்திருக்கிறது. தாயின் நெஞ்சுச் சூட்டுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

'சவலை' என்ற சொல்லும் நமக்குப் புதிதில்லை. தாய் மறுபடி உண்டாகிவிடுவாள். மூத்த பிள்ளைக்குப் பாலை நிறுத்துவார்கள். பாலோடு மடியையும் நிறுத்திவிடுவார்கள். "நீ பெரிய பிள்ளைல்லா!" என்று ஒண்ணரை வயசுப் பிள்ளையிடம் சொல்வார்கள். அது கையும் காலும் சூம்பி, எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டு கிடக்கும். எங்கள் குழந்தை மருத்துவத்தில் சவலையைத் தனி நோயாகவே வைத்துப் படிக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், இதே போன்ற பிள்ளைகளைப் பார்த்தார். 1935-ல் அதற்கு 'குவாஷியார்கர்' என்று பெயர் எழுதி உலகத்துக்குச் சொன்னார். அவர் உண்டாக்கிய பெயர் அல்ல அது. அங்கத்து 'கா' மொழித் தாய்மார்கள் வழங்கிய பெயர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வருகிற சீக்கு என்று பொருள். தாமிரபரணிக் கரை எங்கே, ஆப்பிரிக்கா எங்கே? இரண்டு ஊர்க் கிழவிகளும் ஒரே இடத்தில் விரலை வைத்திருக்கிறார்கள்!

சத்துக் குறைவுதான் அந்த நோய்க்குக் காரணம் என்று பாடப் புத்தகங்கள் பேசின. சத்து வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் சத்து, கையிலிருந்துதான் வாய்க்குப் போகிறது. அந்தக் கைக்கு மனசு இருக்க வேண்டும். 2003-ல் கோவாவில் செய்த ஆய்வில், பிரசவம் ஆகி ஆறேழு வாரத்தில் மனச்சோர்வில் இருந்த தாய்மாரின் பிள்ளைகள், ஆறாம் மாசத்தில் எடை குறைந்தும் மன வளர்ச்சியில் பின்தங்கியும் இருந்ததைக் கண்டார்கள். தாய் சோர்ந்தால் பிள்ளை சூம்புகிறது. அவ்வளவு நேரான கணக்கு.

உடனே, 'பாத்தீயளா, எல்லாம் பெத்தவ தப்புதான்!' என்று மாமியார்கள் யாரும் இந்தப் பக்கத்தைக் கிழித்து மருமகளிடம் நீட்டிவிட வேண்டாம். மேலே படியுங்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் கிராமத்துத் தாய்மார்களிடம் விசாரித்து 2002-ல் எழுதினார்கள். பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எதனால்? கையில் காசில்லாமை; ஆண் பிள்ளை வேண்டும் என்றிருந்து பெண் பிறந்தது; மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம்; கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. இதில் எது பெற்றவளின் தப்பு? 'கூட்டுக் குடும்பத்தில் இந்த நோயெல்லாம் கிடையாது, எல்லாம் நாகரிகம் கொண்டு வந்தது' என்று மேடையில் பேசுகிற என் சக வைத்தியர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வீட்டில் பத்துப் பேர் இருப்பது பெரிதில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருத்தர், "நீ ஒரு மணி நேரம் கண்ணை மூடு, பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்கிறாரா? அதைப் பாருங்கள்.

செல்மா ஃப்ரைபெர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970-களில் மிச்சிகனில் வீடு வீடாகப் போய், அடுப்படியில் உட்கார்ந்து தாய்மார்களோடு பேசினார். பிள்ளை வீறிட்டு அழும். தாய் காது கேளாதவள் போல உட்கார்ந்திருப்பாள். அவளைத் திட்டாமல், அவள் சிறு பிள்ளையாய் இருந்தபோது பட்ட கஷ்டங்களைக் கேட்டார்கள். அவள் அழுகையை ஒருத்தர் கேட்ட பிறகு, பிள்ளையின் அழுகை அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. 1975-ல் வெளியான அந்தக் கட்டுரையின் பெயரில், பிள்ளை அறையில் உலவும் பேய்கள் என்று வருகிறது. நம் ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்குப் 'பேய் பிடிச்சிருக்கு' என்கிறார்கள். ஆனால் வேப்பிலையைத் தேடுகிறார்களே தவிர, அவளைக் கேட்பதில்லை. தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிற தாயை, கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப் போய் நாளைக் கடத்தாதீர்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் அது ஆபத்து. அன்றைக்கே மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். இதற்கு லேகியம் கொடுத்துப் பார்ப்போம் என்று எந்தச் சித்த வைத்தியராவது சொன்னால் அவரை விட்டு விலகி விடுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் இப்படிப்பட்ட தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கத் தனிப் பிரிவு நடக்கிறது. நம் மாவட்டங்களுக்கும் அது வர வேண்டாமா?

இனி நம் பக்கத்து வழக்கம் ஒன்றைத் தொட்டுப் பேசியாக வேண்டும். தலைப் பிரசவம் தாய் வீட்டில். பிள்ளை பிறந்து மூன்றாம் மாசமோ ஐந்தாம் மாசமோ நல்ல நாள் பார்த்து, சீர் செனத்தியோடு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல வழக்கம்தான். பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு கிடைக்கிறது. ஆச்சி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, அதன் கண்ணைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே குளிப்பாட்டுகிறாள். (மூக்கில் எண்ணெய் விடுவதும், தொக்கம் எடுப்பதும் மட்டும் வேண்டாம்.) அந்தக் குளியலில் பாதி மருந்து எண்ணெய் என்றால், மீதிப் பாதி அந்தப் பேச்சு.

ஆனால் அனுப்புகிற நாளில் என்ன நடக்கிறது? பிள்ளைக்கு ஆச்சி போய்விடுகிறாள். தாய்க்கு அவள் தாய் போய்விடுகிறாள். புது வீடு, புது வாசனை, புது முகங்கள். போன மறுநாளே அடுப்படி வேலையும் வந்துவிடுகிறது. இரண்டு பேரும் ஒரே நாளில் ஆதரவை இழக்கிறார்கள்! மாப்பிள்ளை வீட்டார் காருக்கும் வேனுக்கும் செலவழிக்கிறார்கள். அந்த ஆச்சியையும் பத்து நாள் வந்து இருக்கச் சொல்லக் கூடாதா? 'சம்பந்தி வீட்டில் தங்குவது மரியாதை இல்லை' என்பார்கள். மரியாதை பெரியவர்கள் சமாச்சாரம். பிள்ளைக்கு அது தெரியாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சென்னையிலோ திருப்பூரிலோ வேலை. பிள்ளையை ஆறு மாசத்தில் அம்பாசமுத்திரம் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை, வயிற்றுப் பாடு. மூன்று வயசு ஆனதும் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பிள்ளை தூங்கும்போது தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் ஏறிவிடுகிறார்கள். 'அழுதா ரெண்டு நாளைக்கு அழும், சரியாயிரும்' என்று நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தாய் என்றால் ஆச்சிதான். அவளைச் சொல்லாமல் கொள்ளாமல் பறித்தாயிற்று. பிறகு, "படுக்கையில ஒண்ணுக்குப் போறான், பேச்சே குறைஞ்சு போச்சு" என்று லீவுக்கு ஊருக்கு வரும்போது என்னிடம் கூட்டி வருகிறார்கள். நான் மருந்துப் பெட்டியைத் திறப்பதே இல்லை. "ஆச்சி எங்கே?" என்றுதான் கேட்பேன்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மெல்ல மாற்றுங்கள். முதலில் தாய் ஊருக்கு வந்து ஒரு மாசமாவது பிள்ளையோடும் ஆச்சியோடும் இருக்கட்டும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உறங்க வைப்பது எல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகத் தாய் கைக்கு வரட்டும். பிறகு ஆச்சியும் கூடவே பட்டணம் போய்ச் சில வாரம் தங்கட்டும். அவள் திரும்பும்போது பிள்ளை விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டுப் போகட்டும். அழும், அழட்டும். சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதற்கு வரும். தூங்கும்போது போனவர்களைப் பார்த்த பிள்ளை, தூங்கவே பயப்படும். ஆச்சி உடுத்திய பழஞ்சேலை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள், துவைக்காமல்!

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு திண்ணையில் பீடி சுற்றுகிற தாய்மாரைப் பார்க்கலாம். மடியில் தட்டு இருக்கும்; தட்டில் இலையும் தூளும் இருக்கும். பிள்ளை பக்கத்தில் சேலைத் தொட்டிலில் கிடக்கும். தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே சுற்றுவாள். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. பிள்ளைக்கு உரிய மடியில் தட்டு ஏறிவிட்டது! அந்தப் புகையிலைத் தூள் பிள்ளையின் மூச்சுக்கும் ஆகாது. பால் கொடுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் தொழிற்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது. வீட்டுத் திண்ணையில் சுற்றுகிறவளுக்குத் தொழிற்கூடம் ஏது, காப்பகம் ஏது? அங்கன்வாடியில் சின்னப் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் இரண்டு வயசு வரை பகலில் அதைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லை. தெருவுக்கு ஒரு வீட்டில், தெருக்காரிகளே இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்தால் எத்தனையோ பிள்ளைகள் பிழைக்கும். ஒருத்தி கையில் மூன்று பிள்ளைக்கு மேல் கூடாது. மாசத்துக்கு ஒரு ஆள் மாறவும் கூடாது.

அதுவரை? மடியில் தட்டு இருந்தாலும் வாய் சும்மாதானே இருக்கிறது! தொட்டிலைத் தன் முகம் தெரிகிற பக்கமாகத் திருப்பிக் கட்டட்டும். பிள்ளை 'ங்கா' என்றால் இவளும் 'ங்கா' என்று சொல்லட்டும். அது சிரித்தால் இவளும் சிரிக்கட்டும். இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. எட்வர்ட் ட்ரானிக் என்பவர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். பிள்ளையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயைச் சில நிமிஷம் முகத்தைச் சலனமில்லாமல், பொம்மை மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கத்திப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சில மாசமே ஆன பிள்ளை! செல்போனைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கும்போது நம் முகம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் ஒரு தரம் பாருங்கள். எந்நேரமும் கொஞ்ச யாராலும் முடியாது. அது வேண்டியதும் இல்லை. கவனம் தப்பினால் மறுபடி பிள்ளை பக்கம் திரும்பினால் போதும்.

பிள்ளை கையிலேயே செல்போனைக் கொடுத்துச் சோறு ஊட்டுகிறவர்களுக்கு: இரண்டு வயசு வரை திரையே கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் சொல்லிவிட்டது. துபாயிலிருந்து அப்பா முகம் காட்டிப் பேசினால் அது வேறு. அங்கே ஓர் ஆள் இருக்கிறார், பிள்ளை கூப்பிட்டால் பதில் வருகிறது. "ரெண்டரை வயசாகுது, இன்னும் பேசல" என்று வருகிறவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. பாதிப் பேர் குமரகுருபரரைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து, ஐந்து வயசு வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் சன்னதியில் வாய் திறந்தவர் என்பது வரலாறாகச் சொல்லும் கதை. சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து வயசு வரை காத்திருக்காதீர்கள். காது கேட்கிறதா என்று முதலில் சோதியுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, கண்ணோடு கண் பார்க்காத பிள்ளையை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளை வளர்ச்சியைச் சோதிக்கிற பிரிவில் காட்டுங்கள். எல்லாப் பேசாமையும் ஏக்கம் அல்ல.

அதே குமரகுருபரர்தான் மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். பிள்ளைத்தமிழின் பருவங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்தாம் மாசம் செங்கீரை, ஒன்பதாம் மாசம் சப்பாணி, ஒரு வயசை ஒட்டி வருகை. இன்றைய வளர்ச்சி அட்டையில் 'குழந்தை நடக்கிறது' என்று எழுதியிருக்கிறது. பிள்ளைத்தமிழில் நடை என்று ஒரு பருவம் இல்லை. வருகை என்றுதான் இருக்கிறது! பிள்ளை சும்மா நடக்கவில்லை. கையை நீட்டிக் கூப்பிடுகிற ஒருத்தரிடம் வருகிறது. கை தட்டச் சொல்ல ஓர் ஆள், முத்தம் கேட்க ஓர் ஆள், நிலாவைக் காட்ட ஓர் ஆள்... எந்தப் பருவத்திலும் பிள்ளை தனியாக இல்லை.

வசம்புக்கு எங்கள் பக்கம் 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர். உரைமருந்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் கண்ட கடையில் வாங்கி, கண்ட அளவில் உரைத்துப் புகட்டுவது நல்லதில்லை. ஆறு மாசம் வரை தாய்ப்பால் போதும். வைத்தியர் சொல்லாமல் நாக்கில் எதையும் தடவ வேண்டாம். சேனை என்று தேனும் வேண்டாம். பெயர் என்னவாக இருந்தாலும், வசம்பு பிள்ளையை வளர்த்துவிடாது.

ஏக்கம் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்வது கொஞ்சந்தான். உடம்பைச் சோதித்த பிறகு, கூட வந்த கூட்டத்தை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தாயிடம் கேட்பேன்: "நல்லாத் தூங்குதியா தாயி? சாப்பிடுதியா? பிள்ளை அழுதா உனக்கு என்ன தோணுது?" முதல் கேள்விக்கே சில பேர் பொலபொலவென்று அழுதுவிடுவார்கள். "எங்கேயாவது போயிடலாம் போல இருக்கு" என்று சொன்னால் அதை லேசாக விடுவதில்லை. மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். 14416 என்ற நம்பரில் 'டெலி மானஸ்' உதவி மையம் 2022 முதல் இயங்குகிறது. கூப்பிடக் காசு கிடையாது, தமிழில் பேசலாம். பிறகு புருஷனைக் கூப்பிட்டு, ராத்திரி ஒரு வேளை பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கிற வேலையை அவன் தலையில் கட்டுவேன். "எனக்குக் காலைல ஷிப்ட் ஐயா" என்பான். "அவளுக்கு எப்போ ஷிப்ட் முடியுது?" என்று கேட்பேன்.

எடை பார்க்க அங்கன்வாடிக்கு மாசா மாசம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அதே தாயிடம், அங்கே இருக்கிற அம்மாவும் இந்த மூன்று கேள்வியைக் கேட்கலாம். இரண்டு நிமிஷம் ஆகும். பிள்ளையின் எடை அட்டையில் தாய்க்கென்று ஒரு கட்டம் போட அரசாங்கத்துக்குப் பெரிய செலவில்லை. தூக்கம், சாப்பாடு, மனசு என்று அதில் எழுதி, அழுகிற தாயை அனுப்பி வைக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாளாவது ஓர் ஆளை உட்கார வையுங்கள்.